எங்கள் ஒழுங்கை வீதியான கதை

எங்கள் பகுதியில் சில காலம் பிரதேச சபை என்பது ஒரே ஒரு ஆளாக இருந்தது. உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தேர்தல் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. சபை இல்லாத காலத்தில் சபையின் அதிகாரங்களைச் செயலாளர் பிரயோகிக்கலாம் என்று சட்டத்தில் வழி இருந்தது. ஆகவே சபையும் அவர்தான், சபைத் தலைவரான தவிசாளரும் அவர்தான், அந்த இருவருக்கும் கீழ்ப்படிந்து வேலை செய்யவேண்டிய செயலாளரும் அவர்தான். ஒல்லியான, கண்ணாடி போட்ட, மதியச் சோற்றை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருகிற மனிதர். அவருக்குள் இத்தனை பேர் குடியிருப்பது பார்த்தால் தெரியாது.

இந்த ஏற்பாட்டை ஊரில் பிழையில்லாமல் விளங்கிக்கொண்டவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மற்றவர்கள் சட்டப் புத்தகத்தை முன்னாலிருந்து படிப்பார்கள், நான் பின்னாலிருந்து படிப்பேன். பின்னால்தான் பொருள்கோடல் பிரிவு இருக்கும். வீதி என்றால் என்ன, கட்டடம் என்றால் என்ன, சொந்தக்காரர் என்றால் யார், குடியிருப்பவர் என்றால் யார் என்று அங்கேதான் ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பார்கள். கோழிக்கூடு எப்போது கட்டடமாகிறது என்பதைப் பற்றி நான் கலியாண வீட்டில்கூடப் பேசியிருக்கிறேன். ஊரில் என்னை அப்புக்காத்தர் என்பார்கள். வக்கீல் என்று பொருள். நான் வக்கீல் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். அந்தப் பட்டத்தில் பாதி மரியாதை, பாதி நக்கல். எது எந்தப் பாதி என்று நான் ஆராயப் போனதில்லை.

ஊர் என்று சொன்னாலும் இது நான் பிறந்த ஊர் அல்ல. நான் வந்தாறுமூலைப் பக்கத்தான். கலியாணம் முடித்து வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் இருக்கும் இந்த ஊருக்கு வந்தேன். இங்கே மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவான். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் சீதனமாக எழுதப்படும். என் மாமியாருக்கு மூன்று பெண்கள், ஆண்பிள்ளை இல்லை. அவர் தன் வளவை மூன்றாகப் பிரித்து, வீதிப் பக்கத்தை மூத்தவளான என் மனைவிக்கும், நடுத்துண்டை நடுவிலாளுக்கும், வாவிக்கரையோடு கிடந்ததைக் கடைசிப் பெண்ணுக்கும் கொடுத்தார். பின்னால் இருப்பவர்கள் வெளியே வரவேண்டுமே என்று ஓரமாக ஒரு கீற்றை விட்டு, அதை மூவர் பெயரிலும் எழுதிவைத்தார். அதுதான் எங்கள் ஒழுங்கை. ஊரார் வாவிக்கு இறங்குவதும் அதனால்தான்.

கடைசி மச்சாளின் புருஷன், என் சின்னச் சகலன், வாவியில் தோணி விட்டு மீன் பிடித்தவர். நல்ல உடம்புக்காரர். அவருடைய சிறுநீரகம் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வரவேண்டும். பஸ்ஸில் ஏறி இறங்கத் தெம்பில்லை, ஓட்டோதான். அந்த ஓட்டோ அவருடைய வாசல்வரை வந்துகொண்டிருந்தது. ஒரு மாரி மழைக் காலத்தில், ஒழுங்கையை நடுவே வெட்டிக்கொண்டு வாவிக்குப் போகும் வாய்க்கால் பெருகி, அதன் மேல் பாலமாக இருந்த சிறு மதகை இடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு ஓட்டோ என் வாசலோடு நின்றது.

அன்றிலிருந்து சகலனைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, இரண்டு பேர் தூக்கி வாய்க்காலைக் கடத்தினார்கள். மழை பெய்தால் தண்ணீர் தூக்குகிறவர்களின் இடுப்புக்கு வரும். ஒருமுறை கதிரையின் கால் ஒன்று வழுக்கி அவர் பாதி நனைந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு தடவை தவறினால் உடம்பு வீங்கும் என்றும், தொடர்ந்து தவறினால் என்ன நடக்கும் என்றும் அங்கே விளக்கமாகச் சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டாவது வசனத்தை எங்கள் மூன்று வீடுகளிலும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சின்ன மச்சாள் ஒருநாள் என்னிடம் வந்தாள்.

“அத்தான், நீங்க சட்டம் தெரிஞ்ச ஆள். இந்த மதக ஆரு கட்டித் தரோணும் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்க. அவரு தண்ணிக்குள்ள விழுந்திருவாரோ எண்டு எனக்கு நித்திரை இல்ல.”

இத்தனை வருட வாசிப்புக்கு ஒரு வேலை வந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு புறப்பட்டேன். அரசாங்கத்தின் பிரதேச செயலாளர் வேறு, பிரதேச சபைச் செயலாளர் வேறு என்பது எனக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேர் ஒன்றுக்குப் போகவேண்டியதற்கு மற்றதில் போய்க் காலையைத் தொலைப்பார்கள். நான் நேரே பிரதேச சபைக்குப் போனேன். வாய்க்கால் வாவிக்குப் போவதால் முதலில் பிரதேச செயலகத்தில் கேட்கவேண்டும் என்றார்கள். பிரதேச செயலகத்தில், மதகு ஒழுங்கையில் இருப்பதால் பிரதேச சபையில் கேட்கவேண்டும் என்றார்கள். சட்டம் தெரிந்தவன் என்பதால் எனக்குக் காலை மட்டுமல்லாமல் பின்னேரமும் போனது.

கடைசியில் செயலாளர் என்னைக் கூப்பிட்டு இருத்தினார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

“ஐயா, இது தனியார் ஒழுங்கை. சபைக் காசைத் தனியார் காணிக்குள்ள போட ஏலா. கணக்காய்வு வந்தா என்னத்தான் பிடிப்பாங்க.”

“நோயாளி ஒருத்தருக்காக விசேடமா ஒண்டும் செய்ய ஏலாதா?”

“அது சபை தீர்மானிக்கோணும்.”

“சபை இப்ப நீங்கதானே.”

“ஓம்.”

“அப்ப நீங்க தீர்மானியுங்களன்.”

“நான் செயலாளர் ஐயா. நான் சபைக்கு ஒரு அறிக்கை வைக்கலாம். சபை அதைத் தவிசாளருக்கு அனுப்பும். தவிசாளர் செயலாளரிட அபிப்பிராயத்தைக் கேப்பார்.”

“செயலாளர் என்ன சொல்லுவார்?”

“தனியார் ஒழுங்கை எண்டு சொல்லுவார்.”

அவர் சிரிக்கவில்லை. நக்கலடிக்கிறார் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு முகத்தைப் பார்த்தேன். மற்ற இருவருடைய வேலையையும் சேர்த்துச் செய்து களைத்துப்போன முகம். ஒரு வழியையும் அவரே சொன்னார். ஒழுங்கையின் சொந்தக்காரர்கள் அதைச் சபைக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டால் அது பொது வீதியாகும். வீதியாகிவிட்டால் மதகு சபையின் பொறுப்பு. சொந்தக்காரர்களின் சம்மதக் கடிதம் முதலில் வேண்டும்.

இது ஊர்க் காரியம் என்பதால் ஊர் முறைப்படி கோயில் மண்டபத்தில் கூடினோம். கோயில் பரிபாலனத்தைப் பார்க்கிற வண்ணக்கர் நடுவில் இருந்தார். ஆண்கள் பாயில் இருந்தோம், பெண்கள் தூணோரம் நின்றார்கள். நான் எழுந்து, சொந்தக்காரர் என்ற பதத்தின் பொருளையும் குடியிருப்பவர் என்ற பதத்தின் பொருளையும் பிரித்துப் பிரித்து விளக்கினேன். சொந்தக்காரர் என்பவர் காணிப் பத்திரமான உறுதியில் பெயர் உள்ளவர். குடியிருப்பவர் என்பவர் என்ன உரிமையினாலோ அங்கே வசிக்கிறவர், அவ்வளவுதான். இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு கடிதத்தை வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். மூத்த மருமகன் என்ற முறையில் நான் முதலில் கையெழுத்துப் போட்டேன். பாடசாலை அதிபரான நடுச் சகலன் பச்சை மையில் போட்டார். சின்னச் சகலனுக்குக் கை நடுங்கியதால் அவர் மெல்ல மெல்லப் போட்டார். சாட்சிக்கு வண்ணக்கர் போட்டார். அவரும் பெண்வீட்டில் இருக்கிறவர்தான். அந்த மண்டபத்தில் பாயில் இருந்த ஒரு ஆணுக்காவது இந்த ஊரில் ஒரு சாண் காணி சொந்தமாக இருந்திருக்குமா என்பது சந்தேகம். அது யாருக்கும் உறைக்கவில்லை.

செயலாளர் கடிதத்தையும் உறுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“ஐயா, உறுதியில மூண்டு பேரும் பொம்புளையள். கையெழுத்தில மூண்டு பேரும் ஆம்புளையள்.”

பொருள்கோடல் பிரிவு முழுவதும் எனக்கு மனப்பாடம். அதன்படி நான் யார் என்று மட்டும் இவ்வளவு காலமும் பார்த்ததில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக நான் இந்த வளவின் குடியிருப்பவர். ஓலை கட்டியது, கிணறு இறைத்தது, மதில் எழுப்பியது எல்லாம் ஒரு குடியிருப்பவர் செய்த வேலைகள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

“என்ர காணியை என்னக் கேக்காமக் குடுத்துப்போட்டு வந்திரிக்கீங்க. விட்டா நாளைக்கு என்னையும் சபைக்கு எழுதிக் குடுப்பீங்க போல.”

“அங்கேயே தூணோரம் நிண்டிட்டுத்தானே இருந்தனீங்க. சொல்லியிருக்கலாமே.”

“நீங்கதான் விளக்கமாச் சொல்லிட்டு இருந்தீங்களே. கேக்க நல்லாத்தான் இருந்திச்சி.”

அதற்குப் பிறகு காரியம் பெண்கள் கைக்குப் போனது. வீதி என்றால் குறைந்தது இவ்வளவு அகலம் வேண்டும் என்று சபையில் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஒழுங்கை அதற்குக் காணாது. நடுவிலாள் தன் வேலியோரத்து முருங்கையை விடமாட்டேன் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் முருங்கை தறித்துக் கிடந்தது, அவளே தறித்திருந்தாள். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. மூவரும் வேலியைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டார்கள். நல்ல சேலை உடுத்து, பஸ் ஏறி, நொத்தாரிசிடம் போய் உறுதி முடித்து, சபையில் கொடுத்து, திரும்பிவரும்போது ஐஸ்கிரீமும் குடித்துவிட்டு வந்தார்கள். நான் மாதக்கணக்கில் அலைந்த காரியம்.

இதற்கிடையில் சகலனோடு தொழில் செய்த தோணிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. நாலைந்து தென்னங்குத்திகளைக் கொண்டுவந்து வாய்க்காலுக்குக் குறுக்கே நெருக்கமாக அடுக்கி, மேலே பலகை அடித்துவிட்டார்கள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஓட்டோக்காரர் முதலில் இறங்கி நடந்து பார்த்தார், பிறகு மெல்ல ஏற்றினார். குத்திகள் முனகின, ஆனால் தாங்கின. சகலன் அன்று தன் வாசலில் ஏறித் தன் வாசலில் இறங்கினார். சின்ன மச்சாள் தோணிக்காரர்களுக்கு நண்டுக் கறியோடு சோறு போட்டாள். அன்றைக்குத்தான் வெகு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் ஆட்கள் சத்தமாகப் பேசிக் கேட்டேன்.

ஒழுங்கை முறைப்படி வீதியானது. இலக்கம் போட்ட ஒரு பலகை என் வாசலில் நடப்பட்டது. நான் அதன் பக்கத்தில் நின்று பேத்திக்குப் படம் எடுத்து அனுப்பினேன். மதகுக்கு மதிப்பீடு எடுக்க வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் தென்னங்குத்திகளைக் கண்டார். தனியார் ஒழுங்கையில் குத்தி போட்டால் அது குத்தி. பொது வீதியில் சபையின் அனுமதியில்லாமல் போட்டால் அதற்குச் சட்டத்தில் வேறு பெயர். அடுத்த கிழமை அறிவித்தல் வந்தது. வீதியில் ஏற்படுத்தப்பட்டுள்ள தடங்கலை உரிய காலத்துக்குள் அகற்ற வேண்டும், தவறினால் சபை அகற்றிச் செலவை அறவிடும். மதகு எப்போது என்று கேட்டேன். நிதி வந்ததும் என்றார்கள்.

அறிவித்தலைப் படித்துக் காட்டியபோது சின்ன மச்சாளுக்கு அழுகை வரவில்லை. சட்டத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் அதற்கு முன் வந்ததில்லை. நாங்கள் காணியைக் கொடுத்து, வேலியைத் தள்ளி, முருங்கையைத் தறித்து, அந்த மனிதருடைய பாதையை எங்கள் கையாலேயே அவருக்கு இல்லாமல் செய்திருக்கிறோம்.

குத்திகளை யாரும் கழற்றவில்லை. கொடுத்த காலம் முடிந்த மறுநாள் விடியற்காலையிலிருந்து மழை. ஆஸ்பத்திரி நாளும் அதுதான். ஓட்டோ சகலனை ஏற்றிக்கொண்டு வந்து, குத்திகளைக் கடந்து, என் வீட்டுப் பக்கத்துச் சேற்றில் பின்சில்லுப் புதைந்து நின்றுவிட்டது. நானும் நடுச் சகலனும் தள்ளினோம். இரண்டு பேருமாகச் சேர்ந்தால் வயது நூற்றுமுப்பதுக்கு மேல், ஓட்டோ அசையவில்லை. அந்த நேரம் பார்த்து மழைச் சட்டையோடு மோட்டார் சைக்கிளில் செயலாளர் வந்து இறங்கினார். தடங்கல் அகற்றப்பட்டுவிட்டதா என்று பார்க்க வந்திருக்கிறார்.

சகோதரிகள் மூவரும் பலகைமேல் நின்றார்கள். செயலாளர் குத்திகளைப் பார்த்தார், ஓட்டோவைப் பார்த்தார், உள்ளே போர்த்திக்கொண்டு இருந்த சகலனைப் பார்த்தார்.

“நான் என்ன செய்ய அம்மா. சபையிட அறிவித்தல். தவிசாளர் எண்ட முறையில நான் அமுல்படுத்தோணும். செயலாளரா அதுக்கு அறிக்கை வேற எழுதோணும்.”

சின்ன மச்சாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் குரலில் நக்கல் ஒரு துளியும் இல்லை.

“சேர், நீங்க மூண்டு பேரும் வந்து ஒருக்காத் தள்ளுங்க. நேரம் போகுது.”

அவர் சப்பாத்தைக் கழற்றி மோட்டார் சைக்கிளில் வைத்துவிட்டு, காற்சட்டையை முழங்காலுக்கு மடித்து, எனக்கும் அதிபருக்கும் நடுவில் வந்து தோளைக் கொடுத்தார். ஒல்லியான ஆளுக்கு நல்ல பலம். சேறு மூவர் முகத்திலும் அடித்தது. ஓட்டோ உறுமிக்கொண்டு ஏறிப் போனது. ஓடிப்போய் நானும் அதில் தொற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சகலனுக்குக் குழாய்களைப் பொருத்தி முடித்ததும், உள்ளே போய்ப் பார்க்க விட்டார்கள். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“அண்ணன், அந்தக் குத்தியக் கழட்டத்தான் சொல்லுவாங்களா?”

“சொல்லக்கூடும்.”

“கழட்டுறதெண்டா நான் போன பிறகு கழட்டச் சொல்லுங்க. அதுக்குப் பிறகு எனக்குத் தேவைப்படாது. சட்டத்தில அப்பிடி ஏதும் இடமிருக்கா எண்டு பாருங்க.”

அவர் பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் தேடினேன், அப்படி ஒரு இடம் இல்லை. இல்லாவிட்டால் போகட்டும் என்று, அறிவித்தலுக்குப் பதிலாக ஒரு கடிதம் எழுதினேன். மேற்படி தடங்கல், அதைப் பாவிப்பவருக்கு அது தேவைப்படாமற் போகும் அன்று எம்மால் அகற்றப்படும். இந்த முறை மூன்று பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். பத்து நாளில் பதில் வந்தது. தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது, சபை கூடியதும் பரிசீலிக்கப்படும். கீழே செயலாளரின் கையொப்பம். தன்னைத்தானே கூட்டிப் பரிசீலித்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை, வேண்டுமென்றேதான் செய்யவில்லை என்று நான் நம்புகிறேன்.

பிறகு தேர்தல் வந்து சபையும் வந்துவிட்டது. தவிசாளர் ஒரு ஆள், செயலாளர் இன்னொரு ஆள், உறுப்பினர்கள் மேசையைச் சுற்றி நிறையப் பேர். எங்கள் வட்டாரத்து உறுப்பினர் மதகைக் கட்டியே தீருவேன் என்று நிற்கிறார். நல்ல பொடியன், பொய் சொல்லமாட்டான். மதகு கட்ட வருகிறவர்கள் முதலில் குத்திகளைத்தான் கழற்றுவார்கள். பிறகு சீமெந்து வரவேண்டும், கம்பி வரவேண்டும், ஒப்பந்தக்காரர் வரவேண்டும், மாரி வராமல் இருக்கவேண்டும். பக்கத்து ஊரில் அப்படி வெட்டிப்போட்ட குழிக்குள் இரண்டு மாரி போய்விட்டது.

எங்கள் கடிதம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. சகலன் வாரத்தில் மூன்று நாள் குத்திகளின் மேலாகப் போய்வருகிறார். அந்தக் கடிதத்தை ஒருவரும் எடுத்துப் பரிசீலித்துவிடக் கூடாது என்று சின்ன மச்சாள் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறாள்.